மஸ்கட்டில் இருக்கிறவன்

"டெரிக் வந்துட்டானா?" என்று இருதயராஜ் கேட்டார்.

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் ஒரு நொடி தலையைச் சாய்த்தார். பாசிப்பயறு அளவில் காதுக்குள் ஒட்டியிருந்த செவிமணி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது.

"மஸ்கட்லல்லா இருக்கான், சார். பொங்கலுக்கு வந்திருவான்."

இருதயராஜின் முகம் தெளிந்தது. இரண்டு வாய் குடித்தார். தெளிவு அதற்கு மேல் தங்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவரும் தலையைச் சாய்த்தார். "மஸ்கட்ல. பொங்கலுக்கு வாரான்." ரோட்டில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போன பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கைகாட்டி நிறுத்திக் கேட்டார். டெரிக்கை அந்தப் பிள்ளை பார்த்ததே கிடையாது. "மஸ்கட்ல இருக்காங்க, தாத்தா. பொங்கலுக்கு வருவாங்க" என்று ஒப்பித்துவிட்டு மிதித்துக்கொண்டு போனது.

பெஞ்சின் மறுகோடியில் அவர் மனைவி பெனிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு ஒரே மகன் டெரிக். அவன் செத்து அஞ்சு வருஷம் ஆகப் போகிறது.

கருவேலங்குளத்தில் மூன்று பேருக்கு ஒருவர் மறதியர். ஊர் அப்படி ஆனதில் மர்மம் ஒன்றும் இல்லை. மருந்துகள் உடம்பைத் தொண்ணூறு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. மூளையை இழுத்து வரத்தான் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை, போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மறந்துகொண்டு இருந்தார்கள்.

டெரிக் செத்தபோது இருதயராஜுக்கு மறதி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் மாதம் பெனிட்டா உண்மையைத்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் அதைப் புதிதாகக் கேட்டார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார், அசந்து தூங்கினார், எழுந்து "டெரிக் எங்கட்டி?" என்றார். ஒரு சாவை வீட்டில் தினமும் வைத்து நடத்த முடியாது. பிறகு பொய் சொன்னாள், கடைக்குப் போயிருக்கிறான் என்று. பால்காரர் துக்கம் விசாரித்தார். எதிர்வீட்டுக்காரர் சென்னை என்றார். வேன் டிரைவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தேடி மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார் இருதயராஜ்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். அதனால்தான் ஒருசொல் வந்தது.

ஒருசொல் என்ற இயந்திரத்தைக் கண்ணால் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. அது செய்யும் வேலை சாதாரணம். மறதியரின் வீட்டார் யோசித்து, ஆறுதலான ஒரு பதிலைப் பதிந்துவிட வேண்டியது. அதன் பிறகு அந்த மறதியர் யாரிடம் எங்கே கேட்டாலும், கேட்கப்பட்டவர் காதில் அதே பதில் விழும். அவரும் அதையே சொல்ல வேண்டும். முரண்பாடு இல்லை, அதனால் சந்தேகம் இல்லை, ஓட்டம் இல்லை. செவிமணி இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது என்று சட்டம். எழுத்தும் பேச்சுதான் என்று அடுத்த சட்டம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் சுவரை விட்டுப் போயின. சாவு வீட்டில் மேளம் நின்றது, பந்தல் நின்றது. ஊரில் இருந்தவர்கள் மஸ்கட்டுக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். போஸ்ட்மாஸ்டரின் மனைவி, மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனவர், பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. டெரிக்கை அடக்கம் செய்த சாமியார் எழுபத்தெட்டு வயதில் ரோமாபுரியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார்.

மஸ்கட்டைத் தேர்ந்தெடுத்தவள் பெனிட்டாதான். அவனுக்கு அங்கே வேலை வந்திருந்தது. போக வேண்டாம், அப்பாவைப் பார், பக்கத்திலேயே இரு என்று தடுத்தவளும் அவள்தான். இருந்தான். சங்கரன்கோவில் ரோட்டில் செத்தான்.

கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோவிலில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். ஊரில் யாரும் சாவதில்லை. ஆனாலும் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. ஆகவே, மேற்கு வரிசையில் பெயர் இல்லாத குழிகளைத் திருநாளுக்கு மறுநாள் தோண்டி, புதிதாக வருகிறவர்களுக்கு ஒதுக்குவார்கள். பெயர்க்கல் உள்ள குழியைத் தொட மாட்டார்கள்.

டெரிக் மேற்கு வரிசையில் இருந்தான். மஸ்கட்டில் இருக்கிறவனுக்குக் கருவேலங்குளத்தில் கல் வைக்க முடியாதே, அதனால் பெயர் இல்லை.

பெனிட்டா மறுநாளே முதியோர் நல மையத்துக்குப் போனாள். சொல் அலுவலர் இனியா சின்னப் பெண், நல்ல பெண். செவிமணிக்கு எதுவும் எட்டாத உள்ளறைக்குக் கூட்டிப் போய், மின்விசிறியை இவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என் மகன் பேரை எழுதி ஒரு கல் வைக்கணும். அவ்வளவுதாம்மா. அவரை அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"எழுத்தும் பேச்சுதானேம்மா. நாளைக்கு யாராவது கல்லைப் பார்த்துட்டு வந்து சார்கிட்டத் துக்கம் கேட்டா?"

"அப்ப ஒருசொல்லை எடுத்துருங்க."

"எடுக்கலாம். வழி இருக்கு." இனியா முகம் மலர்ந்து சொன்னாள். சட்டத்தில் வழி இருக்கிறது என்று சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். "குடும்பத்தைச் சேராத ரெண்டு பேர், நினைவுத் தேர்வுல தேறினவங்க, இங்க வந்து உங்க மகன் இறந்துட்டார்னு சொல்லணும். சொன்னா அன்னைக்கே பதிவு போயிரும். நீங்க கல் வைக்கலாம்."

"ரெண்டு பேர்தானே. ஊரே வந்துச்சும்மா அடக்கத்துக்கு."

"ஆனா ஒண்ணு. வெளியில பேசும்போது பார்த்துப் பேசுங்க. ஒருசொல்லை மூணு தடவை மறுத்தா, மறுக்கிறவங்களையும் மறதியர் பட்டியல்ல மணி தானாச் சேர்த்திரும். டாக்டர் பார்த்துச் சேர்த்த காலம்லாம் போச்சு, இவ்வளவு பேருக்கு டாக்டர் எங்க? பட்டியல்ல இருக்கிற ரெண்டு பேரை ஒரே வீட்டுல விட மாட்டாங்கம்மா. சாரை ஒரு காப்பகம், உங்களை ஒரு காப்பகம்னு ஆயிரும்."

பெனிட்டா முதலில் போனது பிலோமினாவிடம். அடுத்த தெரு, ஒரே வகுப்பு, ஒரே வருஷம் கல்யாணம். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் விடிய விடிய இவளோடு உட்கார்ந்திருந்தவள். டெரிக்கின் சட்டையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டவள்.

பிலோமினா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பெனிட்டாவும் ஒரு கொத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"பிலோ, அந்த மணியைக் கொஞ்சம் கழட்டேன்."

"எதுக்குட்டி? அம்புட்டு ரகசியமா? உன் வீட்டுக்காரர் இந்த வயசுல எவளையும் இழுத்துட்டு வந்துட்டாரா?"

"வந்தாலும் வாசப்படி ஏறுமுன்ன அவ பேரை மறந்துருவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிலோமினா மணியைக் கழற்றித் தண்ணீர்க் குடத்து மூடிமேல் வைத்தாள். பெனிட்டாவால் தன்னுடையதைக் கழற்ற முடியாது. வீட்டுக்குள் மணியைக் கழற்றி வைக்கலாம் என்ற விலக்கு மறதியரைப் பராமரிப்பவர்களுக்கு இல்லை. ஒரு மறுப்பு போனால் போகட்டும் என்று துணிந்துதான் வந்திருந்தாள்.

"டெரிக் செத்தது உனக்கு ஞாபகம் இருக்குல்லா. மையத்துல வந்து அதை ஒரு வார்த்தை சொல்லணும்."

பிலோமினாவின் விரல்கள் காம்பிலேயே நின்றன. "என்னட்டி பேசுத? பெத்த வாயா இது? வெளிநாட்டுல கெடந்து பாடுபடுத பிள்ளையை..."

"மணியைக் கழட்டியாச்சுல்லா. உனக்கு இப்ப யாரும் சொல்லித் தரல. உள்ளதைச் சொல்லு."

"உள்ளதைத்தான் சொல்லுதேன். மணிக்கும் இதுக்கும் என்ன? போன கிறிஸ்மஸுக்கு உனக்குப் பச்சைச் சேலை அனுப்பினாம்லா."

"அது நான் போயி எடுத்தது, பிலோ. அவரு கேக்காருன்னு, டெரிக் அனுப்புனான்னு சொன்னேன்."

"சொன்னேல்லா? பெறகென்ன?"

"பிணவறை வாசல்ல எங்கூட உக்காந்திருந்தியே. அவன் சட்டையை வாங்குனியே."

பிலோமினா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கி, பிறகு விரிந்தது. "அது எங்க அண்ணனுக்குல்லா. நீதான் எனக்குத் துணைக்கு வந்த. நீலச் சட்டை."

சட்டை நீலம்தான். அந்த வீட்டில் அவள் அண்ணன் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை, துண்டோடு வாழ்ந்து துண்டோடு போனவர்.

பெனிட்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பிலோமினா பட்டியலில் இல்லாதவள். வருஷா வருஷம் நினைவுத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்குகிறவள். அந்தத் தேர்வு பதில்களை ஒருசொல்லோடுதான் ஒத்துப் பார்க்கிறது. அஞ்சு வருஷமாகத் தன் வீட்டு மதில்மேல் கைவைத்து நின்று இருதயராஜுக்கு நாளெல்லாம் மஸ்கட் சொன்னவளும் அவள்தான். சொல்லச் சொல்ல ஒன்று வேர் பிடித்தது. சொல்லாமல் விட்டது அண்ணன் பக்கமாகச் சாய்ந்து விழுந்துவிட்டது. மறதியரின் மறதியைப் பார்த்துக்கொள்ள வந்த இயந்திரம், நினைவு நன்றாக இருந்தவர்களின் மனசிலும் உழவு ஓட்டியிருந்தது.

"பெனிட்டா அம்மா," என்று காதுக்குள் மணி கனிவாகச் சொன்னது. "இது முதல் மறுப்பு. கொஞ்சம் ஓய்வெடுங்கள்."

"உடம்பைப் பாத்துக்கிடுட்டி," என்றாள் பிலோமினா. பாதிக் கீரையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அதன் பிறகு பெனிட்டா கேள்வியை மாற்றிக்கொண்டாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் வீடுகளுக்குப் போய், "டெரிக்கை நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஏர்போர்ட்டில் வழியனுப்பினோம் என்றார்கள் இரண்டு பேர். விமானம் கிளம்பத் தாமதமானது வரைக்கும் அவர்களுக்கு நினைவிருந்தது.

கடைசியில் ஜெஸ்டினிடம் போனாள். டெரிக்கின் கூட்டாளி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மின்வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். டெரிக் செத்த அன்றைக்கு வண்டியை ஓட்டியவன் அவன்தான். இவளைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தான்.

"டெரிக்கைக் கடைசியா எப்பய்யா பாத்த?"

ஓடிக்கொண்டிருந்த காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கமாக அவளை நகர்த்திக் கூட்டிப் போனான். மணிக்குக் கேட்காதபடி அந்த இரைச்சலில் அவள் காதோரம் குனிந்தான்.

"என் மடியில, அம்மா. லாரி நிக்காமப் போயிருச்சு. தண்ணி கேட்டான். குடுக்கதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பெனிட்டா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் வழுவழுத்தது. ஒருசொல் வந்த பிறகு இன்னொரு வாயிலிருந்து அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பசித்தவளுக்குச் சோறு போட்டது போல இருந்தது அவளுக்கு.

"மையத்துல வந்து சொல்லுய்யா. நீ சொன்னா, இன்னொருத்தரை நான் எப்படியும் தேடிக் கொண்டாந்துருவேன். அவனைத் தோண்டி எடுத்துருவாங்கய்யா."

"முடியாதும்மா."

"ஏன்?"

"மொதல்ல மஸ்கட்டுன்னு சொன்னது நீங்கதான? அதுவரைக்கும் நான் தூங்கல. அப்பா இங்க வந்து டெரிக் எங்கன்னு கேப்பாங்க. மஸ்கட்லன்னு சொல்லுவேன். சொல்லச் சொல்ல... நான் யாரையும் வண்டியில ஏத்திட்டுப் போகல, அம்மா. நான் யாரையும் கொல்லல. எம் பொண்டாட்டி, பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும்."

"உன்னை யாரும் குத்தம் சொல்லலையே. லாரிக்காரன்தான் வந்து இடிச்சான்."

"நீங்க சொல்லல. நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அவன் கைகளை உருவிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினான். கடை அமைதியானது. தலையைச் சாய்த்து, கடையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்: "டெரிக் மஸ்கட்லதான் இருக்கான்மா. பொங்கலுக்கு வந்திருவான். நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"அவன் செத்துட்டான்னு இப்பத்தானடா நீயே சொன்ன!" என்று கத்திவிட்டாள்.

கடையில் இருந்த இரண்டு பேர் இவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பெனிட்டா அம்மா," என்றது மணி. "இது இரண்டாவது மறுப்பு."

கல்லறைத் திருநாளை இப்போது விளக்குத் திருநாள் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தைப் பூந்தோட்டம் என்றார்கள். மற்றபடி எல்லாம் பழையபடிதான். சாயங்காலம் வெள்ளையடித்த சிலுவைகளுக்குச் செவ்வந்தி மாலை, குழிமேட்டில் மெழுகுதிரி, ஊதுவத்தி, கிழக்கிலிருந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வரும் சாமியார். யாரும் தேடிக் கேட்காத அளவுக்குப் பழைய சாவுகளுக்கு மட்டும் பெயர்க்கல் இருந்தது. புதிய சாவுகளின் மேல் வெறும் பூ.

இருதயராஜை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை. மாமியார் குழியில் திரி கொளுத்தியதும் அவரைத் திருப்பிக் கூட்டிப் போய்விடலாம் என்றுதான் பெனிட்டா நினைத்திருந்தாள். கால் கேட்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கு வரிசைப் பக்கம் நடந்தாள். மறுநாள் தோண்டுவதற்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நீலச் சட்டை போட்ட மையத்துத் தொண்டர்கள் அங்கங்கே நின்றார்கள். இனியாவும் நின்றாள்.

சுண்ணாம்புக் கோட்டுக்குள் நாலாவது மேட்டில் இருதயராஜ் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். உருகும் மெழுகும் ஈரமண்ணும் கலந்த வாசனை. மெல்லக் குனிந்து, முட்டி போட்டு, மண்ணைத் தொட்டார்.

"பேரு எழுதலையேட்டி."

"யாரு பேருங்க?"

"டெரிக் பேருதான். இங்கதான வச்சோம். அன்னைக்கு மழைல்லா. பெட்டியை இறக்கைல கயிறு வழுக்கி எங்கையில தோலு உரிஞ்சிச்சே." உள்ளங்கையை விரித்து அந்தி வெளிச்சத்தில் பார்த்தார். "சின்னப் பய. நம்மளை விட்டுட்டுப் போயிட்டான்."

அவர் அழவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் இல்லை. அவள் முதல் மாதம் பார்த்த இருதயராஜ் இல்லை இவர். மகனைப் புதைத்து அஞ்சு வருஷம் ஆன ஒரு தகப்பன் எப்படி இருப்பானோ, அப்படி இருந்தார்.

பெனிட்டா இனியாவைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா? நான் ஒண்ணும் சொல்லல. அவரே சொல்லுதாரு."

இனியா பக்கத்தில் வந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "கேட்டேன்மா. ஆனா சார் பட்டியல்ல இருக்காங்களே. மறதியர் சாட்சி செல்லாதும்மா."

"அவருக்காகத்தானம்மா இந்தப் பொய்யே! அவருக்கே தெரிஞ்சுபோச்சு. பெறகு யாருக்கு இது?"

இனியா அதற்குச் சட்டத்தில் பதில் தேடினாள். கிடைக்கவில்லை. "இப்ப நீங்க ஆமான்னா மூணாவது மறுப்பும்மா. நான் விட்டாலும் மணி விடாது. காலையில வண்டி வந்திரும், ஆளுக்கு ஒண்ணா." குரலைத் தாழ்த்தினாள். "தயவுசெஞ்சு சொல்லிருங்கம்மா."

காதுக்குள் மணி அதையே சொன்னது. "அவர் குழம்பியிருக்கிறார். சொல்லுங்கள்: டெரிக் மஸ்கட்டில் இருக்கிறான்."

இருதயராஜ் மண்ணிலிருந்து முகத்தை நிமிர்த்தி, இவள் பதிலுக்காகக் காத்திருந்தார். மண்ணுக்குக் கீழே ஒருவன், மேலே ஒருவர். ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். கீழே இருப்பவனுக்கு வலிக்காது என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் மணி சொல்லிக்கொடுப்பது போலவே இருந்தது.

"டெரிக் மஸ்கட்ல இருக்கான்ங்க," என்றாள். "பொங்கலுக்கு வந்திருவான்."

இருதயராஜ் அவளை வெகு நேரம் பார்த்தார். முதலில் திகைப்பு. பிறகு பயம். பிறகு அவர் முகம் மெல்ல மெல்லக் கனிந்து, அவளால் தாங்க முடியாத ஒரு இரக்கத்துக்கு வந்து நின்றது. இந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது என்று அவர் கேட்டு நின்றபோது, அவள் அவரைப் பார்த்த பார்வை அது.

மண் ஒட்டிய கையை ஊன்றி எழுந்தார். தோளில் கிடந்த துண்டால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"ஆமாட்டி. மஸ்கட்லதான். நாந்தான் என்னமோ நெனச்சு உளறிட்டேன். வந்திருவான். நீ அழாத, என்ன?"

இனியா பெருமூச்சு விட்டு நகர்ந்தாள். "நன்றி, பெனிட்டா அம்மா," என்றது மணி.

அவர்தான் அவள் கையைப் பிடித்து, மேடு பள்ளம் பார்த்து வெளியே கூட்டி வந்தார். பின்னால் மேற்கு வரிசை வெளிச்சம் இல்லாமல் கிடந்தது. சுற்றுச்சுவர் வாசலில் பிலோமினா மெழுகுதிரித் தட்டோடு எதிரே வந்தாள். இருதயராஜ் மனைவியைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு, இரண்டடி முன்னால் போய், பெனிட்டாவுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"பிலோமினா, பிள்ளை போனது இவளுக்கு மறந்துபோச்சு. கேட்டா மஸ்கட்டுன்னே சொல்லிருங்க. உண்மையைச் சொல்லிராதீங்க, தாங்க மாட்டா."